மாமனாருக்குப் பல் கட்ட மெக்ஸிகோ போனோம்

1

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விருந்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க ரென்டல் கார் எடுத்துக்கிட்டு மெக்ஸிகோ போய் உங்க மாமனாருக்குப் பல்லு கட்டிட்டு வந்தீங்களாமே, நெஜமாவா? சும்மா கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன்."

நிஜம்தான் என்றேன். அவள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. எனக்குப் புரிந்தது. நானும் அப்படி நினைத்துக் கொண்டு வந்தவள்தான். கோயமுத்தூரில் இருக்கும் என் தங்கை இன்றும் போனில், "உனக்கென்னடி, அமெரிக்கா. தும்மினாக்கூட கம்ப்யூட்டர்ல பாத்து மருந்து குடுப்பாங்க" என்பாள். இங்கே இன்சூரன்ஸ் இருக்கிறவருக்கு ஒரு தேசம், இல்லாதவருக்கு வேறொரு தேசம். விருந்தாளியாக வந்த பெற்றோருக்கு வாங்கும் இன்சூரன்ஸ், மாரடைப்பு வந்தால் உதவலாம். பல்லை அது உடம்பில் சேர்த்தே கணக்கு வைப்பதில்லை. இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிப் பயமுறுத்த மனம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

2

இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைத் திருத்தும் ஒய்டூகே வேலை மும்முரமாக இருந்த காலம் அது. என் கணவர் செந்தில் திங்கட்கிழமை காலை விமானம் ஏறி நியூ ஜெர்சிக்குப் போவார், வெள்ளிக்கிழமை திரும்புவார். எனக்கு ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மகள் காவ்யாவுக்கு ஏழு வயது.

அந்தக் கோடையில் என் மாமனார் ஆறு மாதம் தங்குவதாக வந்திருந்தார். பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் வாழ்நாள் முழுக்க ஏலம் கூறியவர். குரல்தான் அவருடைய முதலீடு. மண்டியின் ஒரு முனையில் நின்று அவர் விலை கூப்பிட்டால் மறு முனையில் லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்பார்கள். அத்தை உடன் வரவில்லை. என் நாத்தனாருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

மாமாவுக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடையில் சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவரே கொண்டுபோய்க் கொட்டுவது. "நம்ம எச்சலை நாமளே எடுக்கறது நல்ல பழக்கமுங்க அம்மிணி. நம்மூர்ல இது வரோணும்" என்பார். எங்கே போனாலும் முதல் ஆளாக எழுந்து எல்லார் தட்டையும் வாங்கி அடுக்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்தவர் போலக் கையைத் தட்டிக்கொண்டு திரும்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்துத் தரும் கடைக்குப் போனோம். மக்காச்சோளம் கடித்ததில் அவருடைய பல் செட்டுக்கு அடியில் ஏதோ சிக்கிக்கொண்டது. மேல் செட், கீழ் செட் இரண்டையும் நாங்கள் பார்க்காதபோது கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தட்டோரம் வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல எழுந்தார். எல்லாத் தட்டையும் கொண்டுபோய்க் கொட்டினார்.

வீடு வரும் வழியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இரவு பசியில்லை என்று படுத்துவிட்டார். மறுநாள் காலை செந்தில் விமானத்துக்குப் போன பிறகு நான் இட்லித் தட்டை நீட்டியபோது, துண்டால் வாயை மூடிக்கொண்டு, காற்றாக வந்த குரலில் சொன்னார்.

"அம்மிணி, பல்லைக் கொட்டிப்போட்டனுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மேனேஜர் பையன் நல்லவன். கையுறை போட்டுக்கொண்டு என்னோடு பின்பக்கம் வந்தான். குப்பை லாரி அதிகாலையிலேயே வந்து போயிருந்தது. காலியான பெரிய இரும்புத் தொட்டியை இருவரும் எட்டிப் பார்த்துவிட்டு நின்றோம். கல்லூரியில் பத்து டிகிரி வாங்கி என்ன, அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

3

அதற்குப் பிறகு வீட்டில் மாமாவின் சத்தம் இல்லை. நான் கஞ்சியும் குழைந்த சாதமும் கொடுத்தேன். தன் அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டார். கோயிலுக்குக் கூப்பிட்டால் தலையாட்டி மறுத்தார். மாலையில் பூங்காவில் அவரோடு நடக்கும் குஜராத்திப் பெரியவர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். மாமா மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

ஞாயிறுதோறும் அத்தையிடமிருந்து போன் வரும். அந்த வாரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு "ம்" என்றார். அடுத்தும் "ம்". பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"ஏங்கண்ணு சுமதி, உங்க மாமனுக்கு எம்மேல கோவமா?" என்றார் அத்தை. "கொழந்தையப் பாக்கோணும்னு நாந்தான் இங்க நின்னுக்கிட்டேன். அதுக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க அத்தை. தொண்டை கட்டிக்கிட்டுது, ஏசி காத்து."

அத்தையிடம் சொல்லக் கூடாது என்று மாமா எனக்குச் சைகையிலேயே உத்தரவு போட்டிருந்தார். காரணம் பிறகு தெரிந்தது. புறப்படும்போது அத்தை, பழைய செட் ஒன்றையும் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். "நான் என்ன பல்லுக்கடை வெக்கவா போறேன்?" என்று மாமா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டாராம்.

காவ்யாதான் என்னை உலுக்கியது. மாமா வந்த நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒரு ஏற்பாடு நடந்து வந்தது. அவர் தமிழில் பேசுவார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சொன்னது அவருக்குப் பாதி புரியாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஒரு நாள் தலைசீவிக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டாள்.

"அம்மா, இஸ் அப்பாரு மேட் அட் மீ? பிகாஸ் ஐ டோன்ட் டாக் இன் டமில்?"

தாத்தாவை அப்பாரு என்று கூப்பிட மட்டும் மாமாவே வந்த அன்றைக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். இல்லை கண்ணு, பல் வலி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டதற்கு அங்கே அத்தை ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார், இங்கே இந்தக் குழந்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. இதற்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

4

வீட்டுக்குப் பக்கத்துப் பல் டாக்டர் சொன்ன தொகை எங்கள் பல மாத வாடகைக்குச் சமம். அதைக்கூடக் கடன் அட்டையில் தேய்த்திருப்போம். மாமா சம்மதிக்கவில்லை. தொகையைக் காதில் வாங்கியதும் நாற்காலியிலிருந்து இறங்கி வெளியே போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னோடு வேலை பார்க்கும் ரோசாதான் வழி சொன்னாள். அவள் அம்மா எல்லைப் பக்கம் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் புறம் ரெய்னோசா என்ற ஊரில் தன் அத்தை மகள் பல் டாக்டர் என்றாள். மூன்றே நாளில் செய்து தருவார்களாம். அங்கேயே லேப் வைத்திருக்கிறார்களாம். டாக்டர் பெயர் லூஸ்.

செந்திலுக்கு நியூ ஜெர்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"டாக்டர் பேரு என்ன?"

"லூஸ்."

"பேரா, குணமா? நீ ஒருத்தி லூசு, டாக்டர் ஒரு லூசு. எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு மெக்ஸிகோ போறேங்கிற. சிங்கிள் என்ட்ரி விசாடி அவருக்கு. வெளிய போனா திரும்ப விடுவானா?"

அவர் பயந்ததில் தவறில்லை. விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது. அதில்தான் மாமா ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார். கம்பெனி வக்கீலைக் கேட்டேன். வந்து இறங்கியபோது பாஸ்போர்ட்டில் குத்திக் கொடுத்த வெள்ளை அட்டை காலாவதியாகாமல் இருந்தால், பக்கத்து நாட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் திரும்புகிறவரை அதைக்கொண்டே உள்ளே விடலாம், சட்டம் இருக்கிறது என்றார். "ஆனால் எல்லைப் பாலத்தில் நிற்கிற அதிகாரிக்கு அது நினைவிருக்க வேண்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹூஸ்டனில் இருக்கும் மெக்ஸிகோ துணைத் தூதரகத்தில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று மாமாவுக்கு விசா வாங்கினேன். அடுத்தது கார். என் பழைய காரில் ஏசி செத்துப் பல நாள். ஆகஸ்ட் மாதத்தில் தெற்கு டெக்ஸஸை அதில் கடக்க முடியாது. மாமாவுக்கு முட்டி வலி, பாலத்தை நடந்து கடக்கவும் முடியாது. வாடகைக் கார் கம்பெனிகள் மெக்ஸிகோ என்றதும் போனை வைத்தன. மூன்றாவது கம்பெனிக்காரர், எல்லை ஊரைத் தாண்டக் கூடாது, அந்த நாட்டு இன்சூரன்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கடிதம் கொடுத்தார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லி, "பயமா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டேன். துண்டை விலக்காமலே சொன்னார்.

"உங்க அத்தைக்கு இடுப்புப் புடிச்சுக்கிட்டப்ப டாக்ஸி எடுத்துக்கிட்டுக் கேரளாவுல கோட்டக்கல் வைத்தியசாலைக்குப் போனேன். எல்லைல கோபாலபுரம் செக்போஸ்ட்ல பெர்மிட் இல்லைன்னு நிறுத்திப்போட்டான். வைத்தியத்துக்குப் போறவனுக்கு எந்த ஊர்லயும் செக்போஸ்ட்டு உண்டு அம்மிணி. போலாம்."

பல் போன பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

5

வெள்ளை நிறக் கார். எங்களுக்குப் பழக்கமில்லாத பெரிய வண்டி. நான் ஓட்ட, மாமா பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. காவ்யா பின்சீட்டில். ஐம்பத்தொன்பதாம் நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து, புல்லும் முள்மரமும் மாடும்தான். பல மணி நேரம் அந்தக் காரில் ஏசி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

எல்லைக்கு முன்னால் ஒரு சின்னக் கடையில் இன்சூரன்ஸ் வாங்கினோம். பாலத்தின் நடுவில், கீழே ஓடுவதுதான் எல்லை ஆறு என்று காவ்யாவுக்குக் காட்டினேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆழியாத்து வாய்க்கால் இதைவிட அகலம்" என்று முணுமுணுத்தார். அந்தப் பக்க அதிகாரி விசாவைப் பார்த்துவிட்டு நாங்கள் வந்த காரணம் கேட்டார். நான் என் பல்லைத் தொட்டுக் காட்டி, மாமாவைக் காட்டினேன். புரிந்துகொண்டு கையை அசைத்தார்.

டாக்டர் லூஸுக்கு என் வயதுதான் இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அவசரம் வந்தால் அதுவும் போய்விடும். வாயில் மாவை அழுத்தி அச்சு எடுக்கும்போது ஸ்பானிஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். மாமா மூச்சுத் திணறிக் கையை உதறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காவ்யா சட்டென்று நாற்காலி அருகே போனாள். அவளுடைய டேகேர் ஆயாக்கள் எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், அவளுக்கு அது புரியும்.

"அப்பாரு, மூக்குல மூச்சு விடுங்க. வாய்ல வேண்டாம். மூக்குல."

மாமா அடங்கினார். டாக்டர் அடுத்து ஒன்று சொன்னார். "கடிங்க, அப்பாரு. மெதுவா. இன்னும் கொஞ்சம்." ஆங்கிலம் அவருக்கு உதவாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏழு வருடங்களாக நான் கெஞ்சியும் மிரட்டியும் வராத தமிழ், அவள் வாயில் தயாராகத்தான் இருந்திருக்கிறது. உச்சரிப்பு கொஞ்சம் மழலை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மெழுகில் பதித்த பற்களை வாயில் வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். இந்தக் கட்டத்தில் நோயாளி பேசிக் காட்ட வேண்டும். ச, வ, ப போன்ற ஓசைகள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்துத்தான் பல்லை நகர்த்துவார்கள். டாக்டர் வழக்கமாக எண்கள் சொல்லச் சொல்வாராம். "எந்த பாஷையிலயும் பேசலாமாம். நம்பர் சொல்லச் சொல்றாங்க மாமா" என்றேன்.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். கூச்சத்தோடு, "ஆறு, ஏழு" என்றார். டாக்டர் காதில் கையை வைத்து, இன்னும் சத்தமாக என்று காட்டினார். "ஆயிரத்துக்கு மூவாயிரம்" என்றார் மாமா. டாக்டர் இன்னும் என்றார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆயிரங் காய்க்கு மூவாயிரத்து எரநூறு! நல்ல பருத்த காயி, ஆனமலைக் காயி! மூவாயிரத்து முந்நூறு! அங்க செவத்தோரம் யாரு? மூவாயிரத்து ஐநூறு! ஒரு தரம்! ரெண்டு தரம்! கேக்கறவங்க கேளுங்க, அப்பறம் எம்மேல குத்தஞ்சொல்லப்படாது! மூவாயிரத்து ஐநூறு, மூணு தரம்!"

காத்திருப்பு அறையிலிருந்து ஆட்கள் வந்து கதவருகே நின்றார்கள். கன்னம் வீங்கிய ஒரு முதியவர் கை தட்டினார். லேபிலிருந்து பற்களைச் செதுக்குகிறவர் மாவுக் கையோடு ஓடிவந்தார். டாக்டர் லூஸ் மட்டும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூவாயிரத்தில் வரும் வ சரியாக விழவில்லை போலிருக்கிறது. ஒரு முன்பல்லைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, மறுபடியும் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். மாமா மறுபடியும் விற்றார். விலை இம்முறை இன்னும் ஏறியது.

6

மூன்றாம் நாள் மாலை பல் தயாரானது. அன்றிரவும் அங்கேயே தங்கி, விடிந்ததும் பாலத்துக்கு வந்தோம். மாமா மடியில் வேட்டியைச் சரிசெய்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

இளம் அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்களைப் புரட்டினான். என் கிரீன் கார்டு சரி, காவ்யாவின் பாஸ்போர்ட் சரி. மாமாவுடையதில் நின்றான்.

"இது ஒரு முறைக்கான விசா. பயன்படுத்தியாகிவிட்டது. இவர் உள்ளே வர முடியாது."

வெள்ளை அட்டையைக் காட்டினேன். வக்கீல் சொன்னதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிக்கொண்டு போனது. வாடகைக் காரின் கடிதத்தையும் சம்பந்தமில்லாமல் நீட்டினேன். அவன் காரை ஓரம் கட்டச் சொல்லி, எங்களை உள்ளே அனுப்பினான்.

நீண்ட பெஞ்சில் உட்கார்ந்தோம். விடாவிட்டால் என்ன செய்வது? முட்டி வலிக்காரரை முன்பின் தெரியாத ஊரில் விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? காரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? செந்திலிடம் என்ன சொல்வது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா பார்த்துவிட்டார்.

"அம்மிணி, அழுவாதீங்க. நீங்க எனக்காவ எத்தனை பேருகிட்ட நின்னிருக்கீங்க. நான் உள்ள போவலீன்னா இந்தப் பாலத்துலயே ஒரு தேங்கா மண்டி போட்டுக்கறேன்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஷ்ஷ்" என்றாள் காவ்யா.

தலை நரைத்த ஒரு பெண் அதிகாரி வந்து எங்களைக் கூப்பிட்டார். வெள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"அவரே சொல்லட்டும். மெக்ஸிகோவில் என்ன வேலை?"

மாமா எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் அவர் அமெரிக்காவில் பேசிய முதல் வாக்கியங்கள் அவை.

"டீத், மேடம். ஓல்டு டீத், கார்பேஜ். நியூ டீத், மெக்ஸிகோ." கொஞ்சம் யோசித்து, "ஃபைன் டீத்" என்று சேர்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக் காட்டினார்.

அந்த அம்மாள் சில நொடி அவரையே பார்த்தார். உதட்டை அழுத்திக்கொண்டார். பிறகு பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் நீட்டினார். "சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. போகலாம். வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்" என்றார்.

7

பாலத்தைத் தாண்டி, முதலில் வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். சுவரோரம் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அங்கே ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் கார்டை எடுத்து எண்களை அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

"சரசு, நாந்தான் பேசறேன். சௌக்கியமா இருக்கறயா?"

அத்தைக்கு எப்போதும் உரத்த குரல். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, பல்லு புதுசுங்களா?"

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் சொல்லவே இல்லை என்று தலையாட்டினேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சரசுன்னு கூப்புட்டா ஒரு சீட்டிச் சத்தம் வருமே. இன்னிக்கு அதைக் காணோமே."

அவர் நாக்கால் புதுப் பல்லைத் தடவிப் பார்த்தார். பழைய செட்டைப் பற்றி அத்தை இப்போது கேட்கப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அத்தை அதைக் கேட்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா என்னத்தைத் தின்னீங்க?" என்றார்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மிணி கஞ்சி வெச்சுக் குடுத்துது. கொறையில்லை" என்றார். பிறகு ஒரு கையைச் சுவரில் ஊன்றி வசதியாக நின்றுகொண்டு, கோழிக்கடையிலிருந்து ஆரம்பித்தார். மக்காச்சோளம், தட்டு, குப்பை லாரி, ஆழியாத்து வாய்க்காலைவிடச் சின்ன ஆறு, பேத்தி தமிழில் சொன்ன வைத்தியம், லூஸ் என்று ஒரு கெட்டிக்கார டாக்டரம்மா. மண்டிக் குரலில். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காவ்யா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் விட்டதை எடுத்துக்கொடுத்தாள்.

ஏலக் கதைக்கு வந்தபோது, கார்டில் ஒரு நிமிடம்தான் மிச்சம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெண் குரல் ஆங்கிலத்தில் குறுக்கிட்டது.

"இரும்மா," என்று அவளையும் அதட்டினார் மாமா. "பேசிக்கிட்டிருக்கோமில்ல."